வருசநாட்டு மலையோடைத் தண்ணீர்: ராமநாதபுரத்து ஆய்வகத்தில் கணக்கு உதைக்கிறது

பெரியகண்மாய் (கேள்வி)

வணக்கம். ராமநாதபுரம் பெரிய கண்மாய், சுற்றுவட்ட ஊருணிகள், தேவிபட்டினம், ஆற்றங்கரைப் பக்கத்துக் கிணறுகள் இவற்றின் தண்ணீரை எங்கள் குழு தொடர்ந்து பார்த்து வருகிறது. கண்மாய்க்கு வருவது வைகைத் தண்ணீர். மலையில் கிளம்பும்போது அது எப்படி இருக்கிறது என்று தெரியாமல், கடைமடையில் எவ்வளவு மாறியிருக்கிறது என்று எப்படிச் சொல்வது? அதனால் வருசநாட்டு மலையில், காட்டுக்குள் ஓடும் ஓர் ஓடையையும் மாத அட்டவணையில் சேர்த்திருக்கிறோம். வனத்துறை அனுமதி கையில் இருக்கிறது.

இப்போதைய நடைமுறை: ஒரு லிட்டர் பாட்டிலில் பிடித்து, ஓடைக்கரையிலேயே எலெக்ட்ரோடைப் பாட்டிலுக்குள் விட்டு பிஎச் (அமில-கார நிலை), இசி (மின்கடத்துதிறன்) பார்க்கிறோம். பாட்டில் ஐஸ் பெட்டியில் ஊருக்கு வரும். மறுநாள் அதே பாட்டிலிலிருந்து எடுத்து டைட்ரேஷன் (சொட்டுச் சொட்டாகக் கரைசல் விட்டு அளவு காண்பது).

கிடைத்த அளவுகள்: இசி 34 மைக்ரோசீமென்ஸ். காரத்தன்மை 10.5 மி.கி./லி. (கால்சியம் கார்பனேட்டாக). குளோரைடு 9. கால்சியம் 2.4, மக்னீசியம் 0.9, சோடியம் 2.6, பொட்டாசியம் 0.6. சல்பேட் 1. பிஎச் ஓடையில் 6.1 காட்டியது, கொஞ்ச நேரத்தில் 6.5, ஆய்வகத்தில் 7.2. எதை எழுதுவது?

சமமாக வர வேண்டிய நேர், எதிர் அயனிகளின் கூட்டல் 20 சதவீதம் இடிக்கிறது. கண்மாய், கிணற்றுத் தண்ணீரில் இதே ஆய்வகம், இதே கைகள், 5 சதவீதத்துக்குள் நிற்கிறது. எங்கே பார்க்க வேண்டும்?

பியூரெட்

உங்க அளவுகளே பதிலைச் சொல்லுது. மில்லி ஈக்குவலன்ட்டாக (அயனிகளோட மின்னூட்டத்தை ஒப்பிடுற அலகு) மாத்திப் பாருங்க. கால்சியம் 2.4ஐ 20.04ஆல் வகுத்தா 0.120. மக்னீசியம் 0.074, சோடியம் 0.113, பொட்டாசியம் 0.015. நேர் அயனி மொத்தம் 0.322. எதிர்ப் பக்கம்: காரத்தன்மை 0.210, குளோரைடு 9ஐ 35.45ஆல் வகுத்தா 0.254, சல்பேட் 0.021. மொத்தம் 0.485.

யார் பக்கம் தப்புன்னு இசியைக் கேளுங்க. இந்த மாதிரி தண்ணியில ஒரு பக்க மொத்தத்தை 100ஆல் பெருக்கினா இசிக்குப் பக்கத்துல வரணும். 10 சதவீதம் முன்னே பின்னே இருக்கலாம். நேர் அயனி 32ன்னு சொல்லுது, மீட்டர் 34. சரி. எதிர் அயனி 48ன்னு சொல்லுது. ஆக எதிர்ப் பக்கம்தான் வீங்கியிருக்கு. குளோரைடு மேலதான் முதல் சந்தேகம், அடுத்தது காரத்தன்மை.

குளோரைடு. சில்வர் நைட்ரேட் 0.0141 நார்மல், சாம்பிள் 100 மி.லி.ன்னா ஒரு மி.லி. டைட்ரன்ட் = 5 மி.கி./லி. முடிவைக் காட்டுற குரோமேட் நிறம் மாற வெறும் டிஸ்டில்டு வாட்டருக்கே 0.2 முதல் 0.3 மி.லி. வரை இழுக்கும். அதைக் கழிக்கலைன்னா 1 முதல் 1.5 மி.கி. சும்மா ஏறும். கிணத்துத் தண்ணி 800 மி.கி.ல அது கண்ணுக்கே தெரியாது; இங்க அது மொத்த விடையில பெரிய பங்கு. இன்னொன்னு, இந்த முறைக்கு பிஎச் 7 முதல் 10க்குள்ள இருக்கணும். 6.5ல குரோமேட் பாதி வேற உருவத்துக்குப் போயிடும், முடிவுப்புள்ளி தள்ளிப்போகும், விடை கூடும். சோடியம் ஹைட்ராக்சைடு ஓரிரு சொட்டு விட்டு 8க்குக் கொண்டுவந்துட்டு ஆரம்பிங்க. ஆனா என் கருத்து, மலைத் தண்ணிக்கு இந்த டைட்ரேஷனை நம்பி உக்காரக் கூடாது. அயான் குரோமடோகிராஃப் (அயனிகளைப் பிரிச்சு அளக்கிற கருவி) இருக்கிற ஆய்வகத்துக்கு 60 மி.லி. அனுப்பினா குளோரைடு, நைட்ரேட், சல்பேட் மூணும் ஒரே ஓட்டத்துல வந்துடும்.

முக்கியமா ஒன்னு. பிஎச் எலெக்ட்ரோடு விட்ட பாட்டில்லயே குளோரைடு பாக்கிறீங்க. அந்த எலெக்ட்ரோடுக்குள்ள இருக்கிறது 3 மோலார் பொட்டாசியம் குளோரைடு, லிட்டருக்கு 100 கிராமுக்கு மேல குளோரைடு. அது கசிஞ்சாத்தான் எலெக்ட்ரோடு வேலை செய்யும். கசிஞ்சது பாட்டில்ல சேருது. பிஎச்சுக்குன்னு தனிக் கப். பாத்ததும் ஓடைக்குத் தள்ளி ஊத்திடுங்க. இசியை பிஎச்சுக்கு முன்னாடி, வேற தண்ணியில பாருங்க.

காரத்தன்மை. பிஎச் 4.5ல நிறுத்திட்டுக் கணக்குப் போட்டிருப்பீங்க. 20 மி.கி.க்குக் கீழ இருந்தா அது கூடுதலாக் காட்டும், ஏன்னா 4.5 வரைக்கும் இறக்கவே கொஞ்சம் அமிலம் செலவாகுது. ரெண்டு புள்ளி முறை வையுங்க: 200 மி.லி. சாம்பிள், 0.02 நார்மல் சல்ஃபூரிக் அமிலம். 4.5 வந்ததும் பியூரெட்டைப் படிங்க, அப்படியே 4.2 வரைக்கும் போய் இன்னொரு தடவை படிங்க. முதல் அளவை ரெண்டால பெருக்கி, ரெண்டாவது அளவைக் கழிங்க. வந்ததை நார்மாலிட்டியாலயும் 50,000ஆலயும் பெருக்கி, சாம்பிள் மி.லி.யால வகுங்க. 2.10ம் 2.42ம் வந்தா: 4.20 − 2.42 = 1.78. அதுக்கு 8.9 மி.கி. ஒத்தப் புள்ளியில நிறுத்தியிருந்தா 10.5. உங்க 10.5 அப்படி வந்ததாத்தான் இருக்கணும். 0.01 மி.லி. படிக்கிற மைக்ரோ பியூரெட் இல்லாம இதைச் செய்ய முடியாது.

காரத்தன்மை 8.9, குளோரைடு 3.5ன்னு வச்சு மறுபடி கூட்டுங்க. எதிர்ப் பக்கம் 0.298. வித்தியாசம் 4 சதவீதத்துக்குள்ள வந்துடும். குளோரைடு 3.5தான்னு நான் சொல்ல வரலை. அங்கதான் இருக்க முடியும்னு மத்த அளவுகள் காட்டுது.

பியூரெட்

பிஎச்சை விட்டுட்டேன். மூணு அளவுக்கும் ரெண்டு காரணம். ஒன்னு, பஃபர் கரைசல் (மீட்டரைச் சரிபாக்கிற, பிஎச் தெரிஞ்ச கரைசல்) உப்பு நிறைஞ்சது. ஓடைத் தண்ணியில உப்பே இல்லை. ஒன்னுல இருந்து எடுத்து இன்னொன்னுல விட்டா எலெக்ட்ரோடு நிலைக்கு வர 10, 15 நிமிஷம்கூட ஆகும். ஜெல் அடைச்ச மலிவு எலெக்ட்ரோடு இதுக்கு ஆகாது. திரவம் ஊத்துற வகை வாங்கி, அளக்கும்போது மேல இருக்கிற அடைப்பைத் திறந்து வையுங்க. ஓடைத் தண்ணியில 10 நிமிஷம் ஊற விட்டு, தண்ணியை மாத்தி, கலக்காம அசையாம வச்சு, ஒரு நிமிஷத்துல 0.02க்கு மேல நகராதப்போ எழுதுங்க.

ரெண்டாவது, கரியமில வாயு. மண்ணுக்குள்ள இருந்து ஊறி வர்ற தண்ணியில காத்தோட சமநிலைக்கு வேண்டியதை விட அது அதிகம். பாட்டில்ல குலுங்கி வர்ற வழியில வெளியேறும், பிஎச் ஏறும். ஆக ஆய்வகத்து 7.2ஐ எழுதாதீங்க. ஓடைக்கரையில நிலைச்ச அளவு மட்டும்தான் கணக்கு.

எலெக்ட்ரோடை நம்பலாமான்னு பாக்க நல்ல வழி: 0.02 நார்மல் சல்ஃபூரிக் அமிலம் 5 மி.லி. எடுத்து நல்ல டிஅயனைஸ்டு (அயனி நீக்கின) தண்ணியில ஒரு லிட்டராக்குங்க. பிஎச் 4.0 காட்டணும், இசி 25 டிகிரியில 42ஐ ஒட்டி வரணும். பஃபர்ல பாஸாகி இதுல 4.3 காட்டுற எலெக்ட்ரோடு மலைக்குப் போகக் கூடாது. இசி மீட்டரை இசி 1413 உள்ள தரக் கரைசல்ல மட்டும் சரிபாக்காம, 84 உள்ள கரைசலும் ஒன்னு வாங்கி வச்சுக்கோங்க.

பாம்பன்வாடை

மேலே சொன்ன டைட்ரேஷன் காரணங்கள் எல்லாம் சரி. ஆனால் நம்ம ஊரில் இன்னொரு எதிரி இருக்கிறது: நம்ம ஊர்க் காற்று.

கடல் தண்ணீரில் லிட்டருக்குச் சுமார் 19,000 மி.கி. குளோரைடு. ஒரு சொட்டு என்பது 0.05 மி.லி. அந்த ஒரே சொட்டு 250 மி.லி. பாட்டிலில் விழுந்தால் 3.8 மி.கி./லி. கூடும். உங்கள் ஓடையில் இருக்கக்கூடிய குளோரைடு முழுவதுக்கும் ஒரு சொட்டு ஈடு. இசியும் பத்துக்கு மேல் ஏறும். ஜன்னல் திறந்திருக்கும் ஆய்வகத்தில், கச்சான் வீசும் மாதங்களில், மூடி இல்லாமல் கவிழ்த்து வைத்த பாட்டிலின் உள்சுவரில் உப்பு படிவது கண்ணுக்குத் தெரியாது. விரலால் மேசையைத் தொட்டு நாக்கில் வைத்தால் தெரியும்.

ஆகவே மலைக்கென்று தனிப் பாட்டில்கள். கிணற்று நீர் ஒருமுறை பிடித்த பாட்டில் மலைக்குப் போகவே கூடாது. ஹெச்.டி.பி.இ. பிளாஸ்டிக், அகன்ற வாய். சோப்பு வேண்டாம், அதில் பாஸ்பேட் வரும். ஹைட்ரோகுளோரிக் அமிலக் கழுவலும் வேண்டாம், குளோரைடை நாமே கொண்டு வந்தது ஆகும். டிஅயனைஸ்டு தண்ணீரை நிரப்பி இரண்டு நாள் ஊறவிட்டு, கொட்டி, மறுபடி நிரப்பி மூடியே வையுங்கள். கிளம்பும் முன் அந்தத் தண்ணீரின் இசியைப் பாருங்கள். நிரப்பியபோது இருந்ததை விட 1 மைக்ரோசீமென்ஸுக்கு மேல் ஏறியிருந்தால் அந்தப் பாட்டிலை ஒதுக்குங்கள். கடையில் வாங்கும் பேட்டரி தண்ணீர் கேனுக்குக் கேன் மாறும். 2க்குக் கீழ் இருப்பதை மட்டும் எடுங்கள்.

ஓடையில் மூன்று முறை அதே தண்ணீரால் அலசி, மேல்நோக்கி நின்று, உங்கள் காலுக்கு முன்னால் வரும் தண்ணீரைப் பிடியுங்கள். பவுடர் இல்லாத கையுறை கட்டாயம். மலை ஏறி வந்த கையில் இருக்கும் வியர்வை சோடியமும் குளோரைடும்தான்.

ஐஸ் பெட்டி. மீன் ஏற்றிய தெர்மாகோல் பெட்டியை எவ்வளவு கழுவினாலும் இதற்கு எடுக்காதீர்கள். உப்பும் அம்மோனியாவும் அதில் ஊறியிருக்கும். ஐஸ் கம்பெனி ஐஸ் உருகிய தண்ணீரில் பாட்டிலின் கழுத்து மூழ்கினால், குளிரில் உள்காற்று சுருங்கும்போது மூடி வழியாக அந்தத் தண்ணீரை உள்ளே இழுக்கும். ஜெல் பேக் போடுங்கள், அல்லது ஐஸை இரட்டைப் பையில் கட்டிப் போடுங்கள்.

இவ்வளவு செய்தும் சுத்தம் என்று நிரூபிக்க ஒரே வழி பிளாங்க் (ஓடைத் தண்ணீருக்குப் பதில் சுத்தத் தண்ணீரை வைத்துப் பார்க்கும் சோதனை). ஒரு பாட்டில் டிஅயனைஸ்டு தண்ணீரைத் திறக்காமலே மலைக்குப் போய் வரச் செய்யுங்கள். இன்னொன்றை ஓடைக்கரையில் திறந்து, சாம்பிளுக்குச் செய்வது எல்லாம் செய்து, வடிகட்டி, மூடிக் கொண்டுவாருங்கள். முதலாவதில் குளோரைடு வந்தால் பாட்டிலோ ஆய்வகமோ குற்றவாளி. இரண்டாவதில் மட்டும் வந்தால் கை அல்லது ஃபில்டர்.

பெரியகண்மாய்

மிக்க நன்றி. இனி எலெக்ட்ரோடுக்குத் தனிக் கப் வைத்துவிடுகிறோம். ஒரே பாட்டிலில் பிடிப்பதே சரியில்லை போலத் தெரிகிறது. எத்தனையாகப் பிரிப்பது? ஓடையின் நீரளவையும் எடுக்க வேண்டுமா? அங்கே அளவுப் பலகை எதுவும் இல்லை. மழை வெள்ளத்தை எப்படிப் பிடிப்பது?

மேகமலைத்தடம்

பாட்டில் மூணு போதும் தம்பி. 500 மி.லி. வடிகட்டாம, காத்துக் குமிழி இல்லாம வழிய வழிய நிரப்பினது: காரத்தன்மைக்கு, 24 மணிக்குள்ள பார்த்துடணும். 125 மி.லி. 0.45 மைக்ரான்ல வடிகட்டினது, அமிலம் இல்லாம: குளோரைடு, சல்பேட், நைட்ரேட், சிலிக்கா. நைட்ரேட்டுக்கு 48 மணி நேரம் கெடு. இன்னொரு 125 மி.லி. வடிகட்டி, சுத்த நைட்ரிக் அமிலம் 4 சொட்டு: கால்சியம், மக்னீசியம், சோடியம், பொட்டாசியம். இந்த மூணாவதைக் கடைசியா செய்யணும், தனிப் பையில போடணும், கையுறையை உடனே கழட்டணும். நைட்ரிக் அமிலம் பட்ட விரல் ரெண்டாவது பாட்டிலைத் தொட்டா நைட்ரேட் அளவு போச்சு. ஃபில்டர்ல முதல் 20 மி.லி.யைக் கொட்டிடுங்க. சிலிக்கா இருக்கிறதால கண்ணாடிப் பாட்டில் வேண்டாம், உறைய வைக்கவும் வேண்டாம்.

நீரளவு கட்டாயம் வேணும். செறிவு மட்டும் இருந்தா, கால்சியம் குறைஞ்சது பாறையிலிருந்து குறைவா வந்ததாலயா, மழைத் தண்ணி கலந்ததாலயான்னு சொல்லவே முடியாது. குதிச்சு ஓடுற ஓடைக்கு உப்புக் கரைசல் முறைதான் லேசு, கையில இசி மீட்டர் இருந்தாப் போதும். 200 கிராம் உப்பை வாளித் தண்ணியில முழுசாக் கரைச்சு, ஓடை நடுவுல ஒரே வீச்சுல ஊத்தணும். ஓடை அகலத்தைப்போல 20 முதல் 25 மடங்கு தூரம் கீழ மீட்டரைப் பிடிச்சு, 5 செகண்டுக்கு ஒரு தடவை இசியைக் குறிச்சு, பழைய அளவுக்குத் திரும்பற வரைக்கும் நிக்கணும். ஒவ்வொரு அளவுலயும் அடிப்படை இசியைக் கழிச்சு, எல்லாத்தையும் கூட்டி, 5ஆல் பெருக்குங்க. ஒரு மி.கி./லி. உப்புக்கு இசி சுமார் 2 ஏறும். 5ஆல் பெருக்கினது 8,000 வந்தா அது லிட்டருக்கு 4,000 மி.கி.-செகண்டு. 2,00,000 மி.கி.யை அதால வகுத்தா செகண்டுக்கு 50 லிட்டர். தூரம் பத்தாம நின்னா உப்பு ஒரு ஓரமா போயிடும், கணக்கு தப்பும். ஒரு தடவை இடது ஓரம், ஒரு தடவை வலது ஓரம் வச்சுப் பாருங்க. ரெண்டும் ஒத்துவந்தா கலந்திருக்கு.

உப்பு விஷயத்துல ஒன்னு. உங்க ஊர்ல வாலிநோக்கம் உப்பளத்துக் கல்லுப்பு சுலபமாக் கிடைக்கும். அதை அப்படியே நிறுத்துப் போடாதீங்க. அதுல ஈரமும் மக்னீசியமும் இருக்கு, 200 கிராம்னு நினைக்கிறது 200 இல்லை. பாக்கெட் தூள் உப்பை அடுப்புல காய வச்சு, ஊர்லயே நிறுத்து, பையில கட்டி எடுத்துட்டு வாங்க. சாம்பிள் எல்லாம் பிடிச்ச பிறகுதான் உப்புப் பையைத் திறக்கணும். இது ரொம்ப முக்கியம்.

இடத்தேர்வு: ஓடைக்கு மேல என்ன இருக்குன்னு ஒரு தடவையாவது வனத்துறை ஆளோட போய்ப் பாருங்க. மேகமலைப் பக்கம் காடுன்னு நினைக்கிற ஓடைக்கு மேல ஏலத்தோட்டமோ தேயிலையோ இருக்கும். தோட்டத்துல போர்டோ கலவை (பூஞ்சை மருந்து) அடிச்சா அதுல இருக்கிற சுண்ணாம்பும் மயில்துத்தமும் உங்க கால்சியம், சல்பேட், காப்பர் அளவுல வந்து நிக்கும். உரம் நைட்ரேட்டா வரும். அந்த ஓடை அடிப்படை ஓடை ஆகாது.

மாசத்துக்கு ஒரு தடவைங்கிறது குறைச்சல்னு சொல்லாம இருக்க முடியலை. அமெரிக்காவுல ஹப்பர்ட் புரூக் காட்டுல 1963லேர்ந்து வாரத்துக்கு ஒரு தடவை ஓடையும் மழையும் பிடிக்கிறாங்க. அங்க ஒரு சிறு நீர்ப்பிடிப்பு முழுக்க மரத்தை 1965 கடைசியில வெட்டினதும் ஓடையில நைட்ரேட் தாவி ஏறினது அந்த வாராந்திரத் தொடர் இருந்ததாலதான் அவ்வளவு தெளிவாத் தெரிஞ்சது. உங்களால வாராவாரம் வர முடியாது, அது புரியுது. அடிவாரத்து ஊர்ல ஒருத்தருக்குப் பழக்கி, வாரம் ஒரு தடவை இசி, வெப்பம், தண்ணி மட்டம் மூணும் குறிக்கச் சொல்லுங்க. மட்டத்துக்குப் பாறையில பெயின்ட்டால 2 செ.மீ. கோடு போதும். அக்டோபர்லேர்ந்து டிசம்பர் வரைக்கும் மட்டுமாவது இதை விடாதீங்க. மூல வைகைக்கு அந்த மழைதான் மழை.

உவர்க்கேணி

மலை அளவு சுத்தமாக வந்துவிட்டாலும், அதையும் பெரிய கண்மாயையும் நேருக்கு நேர் வைத்து “இவ்வளவு கெட்டது” என்று எழுதுவதை நான் ஏற்க மாட்டேன். நடுவில் வேறு தண்ணீர் வந்து கலக்கிறது. 1895லிருந்து முல்லைப்பெரியாறு தண்ணீர் சுரங்கம் வழியாக வைகைப் படுகைக்கு வருகிறது. அதற்குப் பிறகு வைகை அணையில் தேங்குகிறது, மதுரையின் கழிவுநீர் சேர்கிறது, வயல் வடிகால் சேர்கிறது. ஒரு காட்டோடை இந்தக் கலவைக்கு மூலம் ஆகாது. இடையில் குறைந்தது வைகை அணை வெளியேற்றம், விரகனூர் மதகணை, பார்த்திபனூர் மதகணை மூன்றும் வேண்டும். பணம் பத்தாதென்றால் மலை ஓடையில் பார்க்கும் பட்டியலைச் சுருக்கி, இந்த இடங்களைச் சேருங்கள்.

ஒப்பிடும்போது தனி அளவை விட விகிதம் அதிகம் பேசும். கடல் நீரில் எடைப்படி சோடியம் குளோரைடில் 0.56 பங்கு, சல்பேட் 0.14 பங்கு. உங்கள் ஓடையில் குளோரைடு 3.5 என்றால் சோடியம் 0.74 பங்கு: மழையோடு வந்த கடலுப்புக்கு மேல், பாறை சிதைந்து வந்த சோடியமும் இருக்கிறது. கண்மாயில் வெயிலால் மட்டும் சுண்டினால் எல்லாம் ஒரே மடங்கில் ஏற வேண்டும். குளோரைடு ஏறி, விகிதம் 0.56 பக்கம் இறங்கினால் கடலுப்பு எங்கிருந்தோ சேர்கிறது. கால்சியம் மட்டும் பின்தங்கினால் பயப்பட வேண்டாம். தண்ணீர் சுண்டும்போது அது சுண்ணாம்பாகப் படியும்.

கண்மாயில் நேரத்தையும் கட்டுங்கள். மதியம் பாசி கரியமில வாயுவை உறிஞ்சி பிஎச்சை 9க்கு ஏற்றும், விடியலில் இறங்கும். மடைக்கு அருகே, மேல்மட்டத்திலிருந்து 30 செ.மீ. கீழே, எப்போதும் காலையில் ஒரே நேரத்தில் எடுங்கள். ஆற்றங்கரை முகத்துவாரத்தில் நல்ல தண்ணீர் மேலே மிதக்கும், உப்புத் தண்ணீர் அடியில் நிற்கும். அங்கே மேல் ஒன்று, தரைக்கு 20 செ.மீ. மேலே ஒன்று என இரண்டு சாம்பிள் இல்லாமல் எழுதும் இசிக்கு அர்த்தமில்லை.

மேகமலைத்தடம்

உவர்க்கேணி சொல்றதை ஒத்துக்கிறேன். ஆனா மலைப் பட்டியல்ல எதைச் சுருக்கினாலும் காரத்தன்மையையும் சிலிக்காவையும் சுருக்காதீங்க. பாறைப் பங்கைச் சொல்றது அவை ரெண்டும்தான்.

வெள்ளத்துக்கு ஆள் நிக்க வேண்டாம், நிக்கவும் கூடாது. யானை வர்ற தடம், திடீர்னு தண்ணி ஏறும். 500 மி.லி. பாட்டில், ரெண்டு ஓட்டை ரப்பர் கார்க், 6 மி.மீ. குழாய் ரெண்டு. ஒரு குழாயை வெளியே தலைகீழ் ‘ப’ போல வளைச்சு, வாய் ஓட்டத்தைப் பாக்கிற மாதிரி வையுங்க. இன்னொன்னு காத்து வெளியேற. அதோட மேல்முனை நல்லா உயரத்துல இருக்கணும், கீழ்முனை கார்க்குக்கு ரெண்டு விரக்கடை கீழ இறங்கியிருக்கணும். வெள்ளம் ஏறி வளைவின் உச்சியைத் தாண்டினதும் தானா உறிஞ்சும். காத்துக் குழாயின் கீழ்முனை வரைக்கும் நிரம்பினதும் நின்னுடும், அதுக்கு மேல தண்ணி அவ்வளவாக் கலக்காது. வழக்கமான மட்டத்துக்கு மேல 15, 30, 50 செ.மீ.ல மூணு பாட்டிலை ஓர் இரும்புக் கம்பத்துல கட்டி, கம்பத்தைப் பாறை இடுக்குல இறுக்கிடுங்க. ஏறும் வெள்ளத்தோட மூணு படிநிலையும் கிடைக்கும். பொட்டாசியமும் நைட்ரேட்டும் பெரும்பாலும் முதல் பாட்டில்ல கூடும், சிலிக்காவும் கால்சியமும் மேல போகப்போகக் குறையும். இறங்கும் வெள்ளத்தை இது பிடிக்காது.

மறுநாளுக்குள்ள எடுக்க முடியலைன்னா நைட்ரேட் அளவை அட்டவணையில அடைப்புக்குள்ள போடுங்க. குளோரைடு, சிலிக்காவுக்கு நாலு நாள் ஆனாலும் பரவாயில்லை. குழாய் வாயில இலை அடைக்காம நைலான் கொசுவலைத் துண்டு கட்டுங்க. செப்பு வலை, இரும்பு வலை வேண்டாம்.